அரக்கில் பதிந்த நாற்பத்தெட்டு

1933 மார்ச்சில் வால்ட்டர் பெஞ்சமின் பெர்லினை விட்டு வெளியேறினார், திரும்பவேயில்லை. அதற்கடுத்த மாதம் அதே பெர்லினிலிருந்து எட்வின் ஃபிஷர் என்கிற பியானோ கலைஞர் லண்டனுக்குப் போனார். வேலையை முடித்துக்கொண்டு திரும்பிவிட்டார். அபே ரோட்டில் ஹெச்.எம்.வி. ஒலிப்பதிவுக்கூடம் திறந்து அப்போது ஒன்றரை வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அங்கே ஃபிஷர் வாசிக்கத் தொடங்கியது யொஹான் செபாஸ்டியன் பாஹின் 'நன்கு சுருதி சேர்த்த கிளாவியர்': நாற்பத்தெட்டு பிரிலூட், நாற்பத்தெட்டு ஃபியூக். போவதும் வருவதுமாக இருந்து 1936 ஜூனில் முடித்தார். அதே 1936இல்தான், பாரீசில் அகதியாக இருந்த பெஞ்சமினின் 'இயந்திர மறுஉற்பத்தி யுகத்தில் கலைப்படைப்பு' முதன்முதலாக அச்சேறியது. ஒருவர் கோட்பாடாக எழுதிக்கொண்டிருந்ததை இன்னொருவர் விரல்களால் செய்துகொண்டிருந்தார். செய்யப்பட்டது எழுதப்பட்டதற்கு ஒத்துவரவில்லை என்பதுதான் இங்கே பிரச்சினை.

பெஞ்சமினின் வாதம் நம் பத்திரிகைகளில் போதுமான அளவு அடிபட்டதுதான். ஒரு படைப்பு ஓரிடத்தில், ஒரு நேரத்தில் மட்டுமே இருப்பதால் அதைச் சுற்றி எழுகிற ஒளிவட்டம், பிரதியெடுக்கும் தொழில்நுட்பம் வந்ததும் வாடிப்போகிறது. கலை சடங்கின் பிடியிலிருந்து கழன்று அரசியலின் பக்கம் வருகிறது. சினிமாவை முன்வைத்து அவர் இதைச் சொன்னார். இசைத்தட்டைப் போகிறபோக்கில் தொட்டதோடு சரி. ஃபிஷரின் இசைத்தட்டுகளை வைத்துப் பார்த்தால் ஒளிவட்டம் வாடவில்லை, அதற்கு ஒரு புதிய தொழிற்சாலையே கிடைத்தது என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தத் தொழிற்சாலைக்குள் யார் யார் இருந்தார்கள் என்று பார்க்காமல் இதைச் சும்மா சொல்லிவிட்டுப் போகவும் முடியாது.

நம்மிடையே பாஹைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு குரல்கள் உடனே எழும். ஒன்று, இது காலம் கடந்த தூய இசை, அரசியலை இதில் கொண்டுவந்து நுழைக்காதீர்கள் என்பது. இன்னொன்று, பிரபுக்களுக்கும் தேவாலயத்துக்கும் ஊழியம் செய்தவனின் சங்கீதம் நமக்கெதற்குத் தோழர் என்பது. இரண்டாவது குரலோடு ஒரு காலத்தில் நானும் சேர்ந்து கத்தியிருக்கிறேன். இரண்டு குரல்களுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. இசை என்பது ஏதோ ஆகாயத்தில் மிதந்து வந்து காதில் விழுகிற வஸ்து என்று இரண்டுமே நினைக்கின்றன. அது எதில் ஏறி வந்தது என்று கேட்பதில்லை.

முதலில் பிரதியைப் பார்ப்போம். முதல் தொகுதியை பாஹ் 1722இல் கோத்தன் என்கிற சின்ன சமஸ்தானத்தில் இருந்தபோது தொகுத்தார். இரண்டாவது தொகுதி இருபது வருஷம் கழித்து லைப்சிக்கில். பன்னிரண்டு சுரஸ்தானங்களில் ஒவ்வொன்றையும் ஆதாரமாக வைத்து மேஜரில் ஒரு ஜோடி, மைனரில் ஒரு ஜோடி, ஆக இருபத்துநாலு. இரண்டு தொகுதிக்கும் சேர்த்து நாற்பத்தெட்டு. கற்றுக்கொள்கிற இளைஞர்களுக்கும் ஏற்கெனவே தேர்ந்தவர்களின் பொழுதுபோக்குக்கும் என்று தலைப்புப் பக்கத்திலேயே அவர் எழுதிவைத்தார். அதாவது, பாடப்புத்தகம். கச்சேரிக்கான உருப்படி அல்ல. கிளாவியர் என்றாலும் பியானோ என்று அர்த்தமில்லை. விசைப்பலகை உள்ள எந்த வாத்தியமும் கிளாவியர்தான். பாஹ் 1750இல் இறந்தார். புத்தகம் அச்சில் வந்தது 1801இல். நடுவில் ஐம்பது வருஷம் அது கையெழுத்துப் பிரதிகளாக, மாணவனிடமிருந்து மாணவனுக்குப் போய்க்கொண்டிருந்தது. நம் ஏட்டுச்சுவடி மாதிரிதான். பானில் சிறுவன் பெத்தோவனுக்கு அவனுடைய ஆசிரியர் நேஃபெ அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹான்ஸ் ஃபான் பியூலோ இதை இசையின் பழைய ஏற்பாடு என்றார். பாடப்புத்தகம் வேதமாகிவிட்டது. வேதமாகிவிட்ட பிறகுதான் 'முழுமை' என்ற பிரச்சினையே வருகிறது. பாடப்புத்தகத்தை யாரும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரே மூச்சில் ஒப்பிப்பதில்லை.

ஃபியூக் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு சின்ன சொற்கட்டு. அதை ஒரு குரல் தனியாகச் சொல்கிறது. சொல்லி முடித்ததும் இரண்டாவது குரல் அதையே வேறு ஸ்தாயியில் எடுக்கிறது. முதல் குரல் நிறுத்திவிடுவதில்லை, தன்பாட்டுக்கு வேறொன்றைச் சொல்லிக்கொண்டே போகிறது. பிறகு மூன்றாவது, சிலசமயம் நாலாவது, ஐந்தாவது. பக்கவாத்தியம் என்று ஒன்று அங்கே கிடையாது. எல்லாக் குரலும் பிரதானக் குரல். இதைக் கேட்டவுடன் 'ஆஹா, இதுதான் ஜனநாயகம்' என்று கட்டுரை எழுதத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். அதே பாஹை, 1935இல் அவருடைய 250ஆவது பிறந்த ஆண்டில், லைப்சிக்கில் 'ரைஹ் பாஹ் விழா' நடத்தி நாஜிகள் ஜெர்மானிய ஒழுங்கின் சின்னமாக ஆக்கிக்கொண்டார்கள். குரல்கள் சமமாக நடக்கின்றன என்பதை அணிவகுப்பாகவும் படிக்க முடியும். வடிவம் தன்னளவில் யாருக்கும் ஓட்டுப் போடுவதில்லை.

இனி கம்பெனிக்கு வருவோம். 1931இல், பொருளாதார மந்தத்தில் ரிக்கார்டு வியாபாரம் படுத்துவிட்ட நேரத்தில், கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் இணைந்து இ.எம்.ஐ. உருவானது. விற்காத சரக்கை எப்படி விற்பது? வால்ட்டர் லெக் என்ற இளைஞர் ஒரு வழி சொன்னார். 'சங்கம்' ஒன்றை அறிவிப்பது. ஐந்நூறு பேர் முன்பணம் கட்டினால் பதிவு செய்வது, இல்லையென்றால் இல்லை. ஹூகோ வோல்ஃபின் பாடல்களுக்கு 1931இல் இது பலித்தது. அடுத்து ஆர்ட்டுர் ஷ்னாபெல் வாசித்த பெத்தோவன் சொனாட்டாக்கள். பிறகு பாஹின் நாற்பத்தெட்டு. சந்தாவை வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் சரக்கைத் தயாரிக்கிற இந்த ஏற்பாடு சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்குப் புதிதல்ல. வித்தியாசம் என்னவென்றால் அவர்களுக்குச் சந்தா வந்தது.

இந்த ஏற்பாடு செய்த காரியத்தைக் கவனிக்க வேண்டும். இசைத்தட்டு என்பது சந்தையில் யாரும் வாங்கக்கூடிய பண்டம். ஆனால் சங்கத்தின் இசைத்தட்டு, உறுப்பினருக்கு மட்டும் வருகிற பண்டம். தொகுதி தொகுதியாக, கனத்த ஆல்பங்களில், விளக்கக் குறிப்புகளோடு வந்தது. புத்தக அலமாரியில் வைத்தால் கலைக்களஞ்சியம் மாதிரி நிற்கும். மறுஉற்பத்தி எதை அழிக்கும் என்று பெஞ்சமின் எதிர்பார்த்தாரோ அதையே அது மறுஉற்பத்தி செய்தது. 1928இல் ஹாரியட் கோஹன் என்ற ஆங்கிலப் பெண் கலைஞர் முதல் ஒன்பது ஜோடிகளைக் கொலம்பியாவுக்குப் பதிவு செய்திருந்தார். அதை இன்று ஆராய்ச்சியாளர்கள்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். ஒன்பது என்பது மாதிரி. நாற்பத்தெட்டு என்பது 'முழுமை', அதாவது சொத்து.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை மறைத்தால் நான் பொய்யனாவேன். 1933க்கு முன் இந்த நாற்பத்தெட்டையும் முழுசாகக் கேட்டவர்கள் யார்? அநேகமாக, வாசிக்கத் தெரிந்தவர்கள் மட்டும்தான். வீட்டில் பியானோவும், பெண்பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்க வசதியும் இருந்த வர்க்கம். வாசிக்கத் தெரியாதவனுக்கும் இது கேட்கக் கிடைத்தது இசைத்தட்டால்தான். எனக்குக் கிடைத்தது, நண்பர் ஒருவர் பிரதியெடுத்துத் தந்த கேசட்டில். சங்கத்தின் கதவை அந்தக் கேசட்தான் உடைத்தது என்று வேண்டுமானால் பெஞ்சமினுக்காகச் சொல்லலாம்.

அபே ரோட்டில் நடந்தது என்ன? மெழுகுத் தட்டு ஒன்று சுழல்கிறது. வாசிக்கிற சத்தம் மைக் வழியாகப் போய் அதில் கோடாக விழுகிறது. பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்துக்கு நாலு, நாலரை நிமிஷம். அதற்கு மேல் இடமில்லை. வெட்டி ஒட்டுகிற வேலை கிடையாது. நாலாவது நிமிஷத்தில் விரல் தவறினால் முழுப் பக்கமும் போச்சு, முதலிலிருந்து திரும்ப வாசிக்க வேண்டும். பதிந்த மெழுகை உடனே போட்டுக் கேட்கவும் முடியாது, கேட்டால் கோடு கெட்டுவிடும். நாலரை நிமிஷத்தைத் தாண்டுகிற உருப்படிக்கு இரண்டே வழிகள்தான்: வேகத்தைக் கூட்டு, இல்லாவிட்டால் நடுவில் அறு. கிளாவியருக்கு பாஹ் வகுத்த எல்லை பன்னிரண்டு சுரஸ்தானம். கம்பெனி வகுத்த எல்லை நாலரை நிமிஷம். ஃபிஷரின் விரைவான சில ஃபியூக்குகளைப் பாணி என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை.

தவறான சுரங்களுக்குப் பேர்போனவர் ஃபிஷர். கச்சேரியில் நிறையவே தவறுவார். இந்தப் பதிவுகளிலும் அங்கங்கே விரல் வழுக்குகிறது, கேட்கிறவனுக்குத் தெரிகிறது. அதை அப்படியே விட்டுவைத்தார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது. முப்பது வருஷம் கழித்து கிளென் கூல்ட் இதே புத்தகத்தைக் கொலம்பியாவுக்குக் காந்த நாடாவில் பதிவு செய்தபோது, முதல் தொகுதியின் ஏ மைனர் ஃபியூக்கை இரண்டு வெவ்வேறு வாசிப்புகளிலிருந்து வெட்டி ஒட்டினார். ஒட்டியதை 1966இல் ஒரு கட்டுரையில் பெருமையாகவும் சொன்னார். கத்தரிக்கோலும் ஒரு வாத்தியம் என்பது அவர் கட்சி. பெஞ்சமினுக்கு அவரைத்தான் பிடித்திருக்கும். ஃபிஷர் அந்த உலகத்துக்கு முந்தியவர்.

மெழுகிலிருந்து உலோக அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சை வைத்து லண்டனுக்கு வெளியே ஹேய்ஸ் தொழிற்சாலையில் தட்டுகளை அழுத்தி எடுக்கிறார்கள். எதை அழுத்துகிறார்கள்? அரக்கை. பாண்டவர்களுக்குத் துரியோதனன் கட்டிய மாளிகையில் இருந்ததே, அதே அரக்கு. இங்கேதான் கதை பெர்லினையும் லண்டனையும் விட்டு நம் பக்கம் வருகிறது. ரிக்கார்டுக்கான அரக்கு பெருமளவில் வந்தது சோட்டாநாக்பூர் காடுகளிலிருந்து: ராஞ்சி, பலாமு, மான்பூம். குசும் மரத்திலும் புரசிலும் இலந்தையிலும் பூச்சி அடைகிறது, சாற்றை உறிஞ்சிப் பிசினாகக் கக்கித் தன்னைச் சுற்றியே கூடு கட்டிக்கொள்கிறது. அந்தக் கிளையை ஒடித்துச் சுரண்டுகிறவர்கள் முண்டாக்கள், ஒராவோன்கள். பிர்சா முண்டா ராஞ்சிச் சிறையில் செத்தது 1900இல். எமில் பெர்லினரின் தட்டுகள் கெட்டி ரப்பரை விட்டு அரக்குக்கு மாறியது அதற்குச் சில வருஷங்கள் முன்னால்தான். எந்தக் காட்டு மண் யாருக்கு என்று சண்டை நடந்ததோ, அந்தக் காட்டின் மரங்கள் ஐரோப்பிய இசைக்குத் தட்டு தரத் தொடங்கியிருந்தன.

சுரண்டிய அரக்கு கிராமத்து மகாஜனிடம் போகும். அங்கிருந்து மிர்ஸாபூர், ஜால்தா, பலராம்பூர் பட்டறைகளுக்கு. இடித்து, கழுவி, நீளமான துணிப்பையில் அடைத்துக் கரி அடுப்பின் முன் பிடிப்பார்கள். ஓர் ஆள் பையின் ஒரு முனையை முறுக்க முறுக்க, உருகிய அரக்கு துணியின் இழை வழியே கசியும். இன்னொரு ஆள் அந்தச் சூடான குழம்பைத் தகடாக இழுப்பார். கைகளால் மேல் விளிம்பைப் பிடித்து, கால்விரல்களால் கீழ் விளிம்பைப் பிடித்து, போதாததற்குப் பல்லாலும் கவ்வி இழுப்பார். ஆள் உயரத்துக்கு ஒரு மெல்லிய, தேன்நிறத் தகடு. அது ஆறியதும் உடைத்துச் சிப்பமாக்கிக் கல்கத்தா துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். விலை லண்டன் மின்சிங் லேன் சந்தையில் நிர்ணயமாகும். மந்த காலத்தில் அந்த விலை விழுந்தபோது கிளை ஒடித்தவனுக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும்மில் 1924இல் அரக்கு ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டிருந்தது. பூச்சியைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டார்கள்.

ஃபியூக் வாசிக்கிற கைகளைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் இருக்கின்றன. தகடு இழுத்த கை, கால், பல் பற்றி அரக்குத் தொழில் அறிக்கைகளில் சில பக்கங்கள் இருக்கின்றன, அதுவும் செய்முறை விளக்கமாக. இதை நான் ஏதோ சமன்பாடு மாதிரி எழுதவில்லை. ஃபிஷரின் ஒளிவட்டத்துக்கு அடியில் ஒரு பொருள் இருந்தது, அந்தப் பொருளுக்கு ஆட்கள் இருந்தார்கள் என்பது மட்டும்தான். நம் பக்கத்திலும் இதே கதைதான்: பத்து அங்குலத் தட்டு, மூன்று நிமிஷம், ஆலாபனையை நறுக்கிக் கீர்த்தனையை ஓட வைத்த வித்வான்கள். 1933இல் செத்துப்போன கிட்டப்பாவின் குரல் நமக்கு மிஞ்சியதும் அரக்கில்தான்.

பெர்லினில் நடந்ததை இனியும் தள்ளிப்போட முடியாது. 1933 ஏப்ரல் 7ஆம் தேதி, யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. ஃபிஷர் 1931லிருந்து கற்பித்துவந்த பெர்லின் இசைக் கல்லூரியில் செல்லோ ஆசிரியர் இமானுவேல் ஃபோயர்மான் அந்த ஏப்ரலிலேயே நீக்கப்பட்டார். ஷ்னாபெலும் ஊரை விட்டுப் போனார். போர் முடிந்த பிறகும் ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ அவர் கால் வைக்கவேயில்லை. ஆக, அந்த வருஷம் அபே ரோட்டுக்கு பாஹை வாசிக்க வந்தவருக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது, பெத்தோவனை வாசிக்க வந்தவருக்கு இல்லை. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே சந்தா முறை, அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கப்பட்ட ஆல்பங்கள்.

ஃபிஷரை நாஜி என்று சொல்வதற்கில்லை. பாசலில் பிறந்த சுவிஸ்காரர். போயிருக்கலாம், போகவில்லை. தங்கினார், வாசித்தார், கற்பித்தார். 1936 ஜூனில் நாற்பத்தெட்டாவது ஃபியூக் முடிந்தது. நவம்பரில் லைப்சிக்கில் மெண்டல்சனின் சிலையை ராத்திரியோடு ராத்திரியாக அப்புறப்படுத்தினார்கள். 1829இல் மத்தேயு பாடுகளைப் பெர்லினில் நடத்தி, மறக்கப்பட்டுக்கிடந்த பாஹை ஐரோப்பாவுக்குத் திருப்பிக் கொடுத்தவர், யூதக் குடும்பத்தில் பிறந்த அந்த இருபது வயதுப் பையன்தான். பாஹை வைத்துக்கொண்டு மெண்டல்சனைத் தூக்கினார்கள். 1942 நவம்பரில் ஃபிஷர் ஃபுர்ட்வேங்லரோடு பெர்லினில் பிராம்ஸின் இரண்டாவது பியானோ கன்செர்ட்டோவை வாசித்தார். அந்த ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது, அற்புதமான வாசிப்பு என்று கொண்டாடப்படுகிறது. அதே 1942இல் வியன்னாவில் தங்கிவிட்ட ஷ்னாபெலின் தாயாரைத் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே செத்தார். ஃபிஷர் சுவிட்சர்லாந்துக்குத் திரும்பியது இதற்கெல்லாம் பிறகுதான்.

அற்புதமான வாசிப்புதான். அதை மறுப்பதற்கில்லை என்பதுதான் இதில் சங்கடம்.

பாரீசுக்குப் பக்கத்தில் சேன்-லூ-லா-ஃபோரே என்ற ஊரில் வாண்டா லாண்டோவ்ஸ்கா என்ற போலந்து யூதப் பெண்மணி பழைய இசைக்கென்று ஒரு பள்ளி நடத்திவந்தார். பாஹ் பியானோவுக்கு உரியவரல்ல, ஹார்ப்ஸிகார்டுக்கு உரியவர் என்பது அவர் கட்சி. (இந்த வழக்கு இன்னும் தீரவில்லை, எனக்கு அதில் பெரிய அக்கறையும் இல்லை.) 1940இல் ஜெர்மன் ராணுவம் நெருங்கியதும் அவர் ஓடினார். செப்டம்பரில் நாஜிகளின் இசைப் பிரிவு அந்த வீட்டுக்குள் புகுந்து, வாத்தியங்களையும் நூலகத்தையும் கையெழுத்துப் பிரதிகளையும் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு போனது. பிரிவின் தலைவர் ஹெர்பர்ட் கெரிக் இசைப்படிப்பு படித்தவர். இசையில் இருந்த யூதர்களுக்கு அகராதி போட்டவரும் அவர்தான். எடுத்துப்போனதில் மயோர்க்காவில் ஷோபன் வாசித்த சிறிய பியானோவும் இருந்தது. அதே செப்டம்பரின் கடைசியில் ஸ்பெயின் எல்லையில் போர்ட்போவில் பெஞ்சமின் தற்கொலை செய்துகொண்டார். ஒளிவட்டம் வாடும் என்று எழுதியவர் எல்லை தாண்ட முடியாமல் கிடக்க, ஒளிவட்டமுள்ள வாத்தியங்கள் ரயிலேறிப் போயின.

லாண்டோவ்ஸ்கா நியூயார்க்கில் இறங்கிய நாள் 1941 டிசம்பர் 7. பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்த அன்று. அந்தப் போர்தான் அரக்கின் கதையையும் மாற்றியது. கல்கத்தாவிலிருந்து கப்பல் வருவது நிச்சயமில்லை என்றானதும், அரக்கு ராணுவத்துக்குத் தேவை என்றானதும், 1942இல் அமெரிக்க அரசாங்கம் ரிக்கார்டு கம்பெனிகளின் அரக்கு ஒதுக்கீட்டைக் கடுமையாகக் குறைத்தது. பழைய தட்டைக் கொடுத்தால்தான் புதுத் தட்டு என்ற நிலை. எத்தனை குரல்கள் இப்படி உடைத்து உருக்கப்பட்டன என்பதற்குக் கணக்கில்லை. போர் முடிந்து 1948இல் வினைல் நீள்தட்டு வந்தது. 1949லிருந்து 1954வரை லாண்டோவ்ஸ்கா நாற்பத்தெட்டையும் ஆர்.சி.ஏ.வுக்குப் பதிவு செய்தார், எழுபதைத் தாண்டிய வயதில் முடித்தார். அது அரக்கல்ல, பெட்ரோலியத்திலிருந்து வந்த பிளாஸ்டிக். சோட்டாநாக்பூர் அரக்குக்கு ரிக்கார்டுச் சந்தை இல்லாமல் போயிற்று. கிளை ஒடித்தவனிடம் யாரும் வந்து காரணம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

இன்று ஃபிஷரின் நாற்பத்தெட்டு குறுந்தகட்டில் கிடைக்கிறது, கணினியிலும் கிடைக்கிறது. பழைய தட்டுகளிலிருந்து இதைப் பெயர்த்தெடுக்கிற ஒலிப்பொறியாளர்களுக்குள் ஒரு தீராத சண்டை உண்டு: தட்டின் கரகரப்பை எவ்வளவு அகற்றுவது? முழுக்க எடுத்தால் பியானோவின் மேல்நாதமும் கூடவே போய்விடும். எடுக்காமல் விட்டால் மழை பெய்கிற மாதிரி இருக்கும். அந்தக் கரகரப்பு அரக்கால் வருவதல்ல. அரக்கோடு கலந்த கல்தூளால் வருவது. எஃகு ஊசி தேய்ந்து கோட்டுக்குள் சரியாகப் பொருந்தட்டும் என்று வேண்டுமென்றே சேர்த்த தூள். அரக்கு சத்தம் போடவில்லை, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் இப்போது கேட்கிற பதிப்பில் கரகரப்பைப் பாதிதான் எடுத்திருக்கிறார்கள். முதல் தொகுதியின் முதல் பிரிலூடில், ஃபிஷர் முதல் சுரத்தைத் தொடுவதற்கு முன்னால், ஒன்றிரண்டு விநாடி அது மட்டும் கேட்கிறது.